நர்சிங் படிப்பும் சித்தப்பாவின் யோசனையும்

அம்மா, நீங்களும் மகளும் வந்திருந்த அன்று நான் கொஞ்சம் பூசி மெழுகித்தான் பேசினேன். உங்கள் கண் கலங்கியிருந்தது, அதனால். இப்போது நேராகவே சொல்லிவிடுகிறேன். டாக்டர் சீட்டுக்காக மூன்றாவது முறையும் அவளை நுழைவுத் தேர்வுக்கு உட்கார வைக்காதீர்கள். பல்கலைக்கழக நர்சிங் கல்லூரியில் கிடைத்திருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஊசி போடுற வேலைக்கு நாலு வருஷப் படிப்பா?" என்று அவள் சித்தப்பா கேட்டாராம். நாமெல்லாம் அதைப் பேசிக்கொண்டிருந்தபோது மகள் என்ன செய்துகொண்டிருந்தாள், கவனித்தீர்களா? அந்தக் கல்லூரியின் செய்திமடலைப் பிரித்து வைத்துக்கொண்டு, அங்குள்ள பேராசிரியை ஒருவருக்கு நோயாளிகளின் இரவுத் தூக்கம் பற்றி ஆராய நிதி கிடைத்த செய்தியை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் படிப்பின் பேச்சு வந்தபோது ஒருமுறைகூட அவள் முகம் அப்படி இருக்கவில்லை.

மருத்துவமனை வேலை, வெளிநாட்டு வேலை பற்றியெல்லாம் ஊரே சொல்லும், விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாதது நர்சிங்கில் ஆராய்ச்சியும் பேராசிரியர் பணியும் இருக்கிறது என்பதுதான்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வரும் அல்லவா? யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே கணிக்க, உணர்வு, ஈரம், நடமாட்டம், உடலை அசைக்கும் திறன், ஊட்டச்சத்து, உராய்வு என ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போடும் ஓர் அளவுகோல் இருக்கிறது. மொத்தம் 6 முதல் 23 வரை. எண் குறையக் குறைய ஆபத்து கூடும். பிரேடன் அளவுகோல் என்று பெயர். அதை உருவாக்கிய பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ரோம் இருவருமே நர்சிங் ஆய்வாளர்கள். 1987-இல் வெளியான அவர்கள் ஆய்வு இன்று உலகெங்கும் வார்டுகளில் புழங்குகிறது.

பென்சில்வேனியா பல்கலைக்கழக நர்சிங் பேராசிரியை லிண்டா ஐக்கென் குழுவின் 2014 ஆய்வு இன்னும் பெரிது. ஒன்பது ஐரோப்பிய நாடுகள், 300 மருத்துவமனைகள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7% ஏறியது. பட்டம் படித்த நர்ஸ்களின் பங்கு 10% கூடினால் அதே வாய்ப்பு 7% இறங்கியது. 'நாலு வருஷம் எதற்கு' என்று கேட்ட சித்தப்பாவுக்கு இதையே பதிலாகக் கொடுங்கள்.

பாதை நீளமானதுதான், மறைக்கவில்லை. இளநிலை முடித்ததும் இரண்டு மூன்று வருடமாவது வார்டில் வேலை பார்க்கட்டும். நைட் டியூட்டி பார்க்காதவருக்கு ஆராயத் தகுந்த கேள்வி எங்கிருந்து வரும்? பிறகு முதுநிலை, முனைவர் பட்டம். பேராசிரியரானால் சம்பளம் கொட்டும் என்றும் நினைக்க வேண்டாம். சில நாடுகளில் வார்டிலேயே இருக்கும் அனுபவசாலி நர்ஸ் அவரைவிட அதிகம் வாங்குகிறார்.

பணத்தில் மட்டும் நான் கறார். வீட்டை அடமானம் வைத்து டாக்டர் சீட் வாங்கும் சித்தப்பாவின் யோசனையை இன்றே கைவிடுங்கள். அந்தக் கடனைத் தூக்கிச் சுமக்கப்போவது, அந்தப் படிப்பைக் கேட்காத பெண். பின்னால் முனைவர் பட்டத்துக்கும் கடன் வாங்காதீர்கள். ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, கிடைக்கும் வரை அவள் வேலை பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம்.

சேர்வதற்கு முன் ஒரு வேலை. அந்தச் செய்திமடலின் பழைய இதழ்களையும் வாங்கிப் பாருங்கள். விருது வாங்கும் படங்களைப் புரட்டித் தள்ளிவிடலாம். நிதி கிடைத்தது என்றால் கொடுத்தது யார், ஆய்வை நடத்துவது அந்த ஆசிரியரேவா, இல்லை பெயருக்குச் சேர்ந்திருக்கிறாரா? கட்டுரைகளில் மாணவர்களின் பெயரும் இருக்கிறதா? பாடம் எடுப்பவர்கள் இன்னமும் வார்டுக்குப் போகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கல்லூரிக்குப் போகும் நாளில் மகளே நேரில் கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் சும்மா இருங்கள். சித்தப்பாவைக் கூட்டிப் போக வேண்டாம்.