அம்மாவின் ‘ஐந்து’ம் மகளின் ‘ஐந்து’ம் ஒன்றா? குடும்ப உறவை அளப்பது குறித்த கேள்வி பதில்

குடும்பத் தரவுகளை ஆராயும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஜெர்மனியின் ‘பேர்ஃபாம்’ ஆய்வை மனத்தில் வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். 2008-இல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருடன் தொடங்கி, ஆண்டுதோறும் அதே ஆட்களிடம் திரும்பச் சென்று, அவர்களுடைய துணைவரையும் பெற்றோரையும் 8 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளையும் சேர்த்துக் கேட்ட ஆய்வு அது.

கேள்வி: ஐயா, நெருக்கத்தை ஐந்து புள்ளி அளவில் கேட்டதில் தாய்மாரின் சராசரி 4.2, பிள்ளைகளின் சராசரி 3.8 என்று வருகிறது. தாய்மார் மிகைப்படுத்துகிறார்கள் என்று எழுதலாமா?

இப்போதைக்கு எழுத வேண்டாம். பெற்றோர் தலைமுறை உறவின் தொடர்ச்சியில் அக்கறை கொள்வதால் நெருக்கத்தைக் கூட்டிச் சொல்கிறது, இளைய தலைமுறை தன் தனித்தன்மையை நாடுவதால் குறைத்துச் சொல்கிறது என்று ஆய்வாளர்கள் பெங்ட்சனும் கைப்பர்ஸும் 1971-இலேயே விளக்கம் தந்திருக்கிறார்கள். அந்த விளக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இருவரும் ஒரே கோலால் அளந்தார்கள் என்பது உறுதியான பிறகே 0.4 என்ற வேறுபாட்டுக்குப் பொருள் உண்டு.

கேள்வி: ஒரே கோல்தானா என்று எப்படிச் சோதிப்பது?

அளவுகோல் இரு தரப்புக்கும் ஒரே விதமாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் அளவீட்டு மாறாமை என்ற சோதனையைப் படிப்படியாகச் செய்ய வேண்டும். முதலில், இரு தரப்பிலும் அதே கேள்விகள் அதே காரணியின்கீழ் (நெருக்கம் போல, பல விடைகளுக்குப் பின்னே நிற்கும் பொதுப் பண்பின்கீழ்) சேர்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து, காரணிச் சுமைகளை, அதாவது ஒவ்வொரு கேள்வியும் அந்தக் காரணியோடு எவ்வளவு வலுவாகப் பிணைந்திருக்கிறது என்பதை, சமமாக்குங்கள். இது பொருந்தினால் நெருக்கத்துக்கும் பிறவற்றுக்கும் இடையிலான தொடர்புகளை ஒப்பிடலாம். அதன்பின் ஒவ்வொரு கேள்வியின் தொடக்க மதிப்பையும் சமமாக்குங்கள். இது பொருந்தினால் மட்டுமே சராசரிகளை ஒப்பிடலாம். பல ஆய்வுகள் இடறுவது இந்த மூன்றாம் படியில்தான்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். பத்து வயதுச் சிறுமி படம் வரைந்து கொண்டுவருகிறாள். அடுப்படியில் நிற்கும் தாய் திரும்பிப் பாராமலே “நன்றாயிருக்கிறது” என்கிறாள். ‘எவ்வளவு அடிக்கடி பாராட்டுகிறீர்கள்’ என்று கேட்டால் தாய் இதையும் கணக்கில் சேர்ப்பாள்; நிமிர்ந்து முகம் பார்த்துச் சொன்னதை மட்டுமே மகள் சேர்ப்பாள். இருவருக்கும் இடையிலான பாசம் ஒன்றே என்றாலும் அந்த ஒரு கேள்வியில் தாயின் விடை எப்போதும் ஒரு படி மேலே நிற்கும். தொடக்க மதிப்பு வேறுபடுகிறது என்று நாம் சொல்வது இதைத்தான்.

நாம் சமமாக்கிய அமைப்பு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சி.எஃப்.ஐ. குறியீடு ஒவ்வொரு படியிலும் 0.01-க்கு மேல் சரிந்தால் எச்சரிக்கை என்பது 2002-இல் சியுங்கும் ரென்ஸ்வோல்டும் தந்த அளவு. அதை வழிகாட்டியாகக் கொள்ளுங்கள், தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஒரு கேள்வி மட்டும் தேறவில்லை என்றால் அதை நீக்கிவிடலாமா?

நீக்குவதற்கு முன் அந்தக் கேள்வியின் இரு வடிவங்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ‘அம்மாவிடம் மனத்தில் உள்ளதைச் சொல்வாயா’ என்று பிள்ளையைக் கேட்டுவிட்டு, ‘பிள்ளையிடம் மனத்தில் உள்ளதைச் சொல்வீர்களா’ என்று தாயைக் கேட்டிருந்தால், அவை வெவ்வேறு கேள்விகள். சொல்லில் கோளாறு இல்லையென்றால் அந்தக் கேள்வியை மட்டும் சமமாக்கும் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து, மற்றவற்றைச் சமமாக வைத்துத் தொடரலாம். பைர்ன், ஷேவல்சன், முத்தேன் மூவரும் 1989-இல் வகுத்த பகுதி மாறாமை வழி அது.

கேள்வி: அதே பிள்ளையை ஆண்டுதோறும் கேட்கும்போதும் இந்தச் சிக்கல் வருமா?

வரும். ரகசியம் என்றால் ஒன்பது வயதில் உடைந்த கண்ணாடிக் குவளை. பதினைந்தில் அது முற்றிலும் வேறு. எனவே ‘ரகசியங்களைப் பகிர்கிறாயா’ என்ற கேள்வியின் மதிப்பு இறங்கினால், உறவு தளர்ந்ததா, சொல்லின் பொருள் மாறியதா என்பதைப் பிரித்தறிய ஆண்டுகளுக்கிடையிலும் அதே படிகளைச் சோதிக்க வேண்டும். ஒரே கேள்வியின் எச்சங்கள் (காரணியால் விளக்கப்படாமல் மிஞ்சும் பகுதிகள்) ஆண்டுக்கு ஆண்டு தொடர்புற்றிருக்கும் என்பதால் அவற்றைத் தொடர்புற விடுங்கள். தாயும் பிள்ளையும் ஒரே வீட்டார் என்பதால் அவர்களை ஒரே புள்ளியியல் அமைப்பில் ஜோடியாகவே சேர்க்க வேண்டும், தனித்தனிக் குழுக்களாக அல்ல.

கேள்வி: இருவர் விடையையும் கூட்டிச் சராசரி எடுத்தால் போதாதா?

போதாது. பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள் பற்றி அகென்பாக் குழுவினர் 1987-இல் தொகுத்த ஆய்வுகளில், பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதற்கும் பிறர் சொன்னதற்கும் இடையிலான சராசரித் தொடர்பு 0.22 மட்டுமே (முழுமையாக ஒத்திருந்தால் 1). இவ்வளவு விலகியிருக்கும் இரு பார்வைகளைச் சராசரியில் கரைத்தால், பிள்ளை தனிமையாக உணரும் வீடும் தாய் தனிமையாக உணரும் வீடும் ஒரே எண்ணைப் பெற்றுவிடும். இரண்டையும் தனித்தனிக் காரணிகளாக வையுங்கள்.