டோக்கியோவில் பெயர் தெரியாத பகுதியில் வீடு

கேள்வி: டோக்கியோவின் நிஷி-கசாயில் குடும்பத்துடன் வாடகைக்கு இருக்கிறேன். வடக்கே அடாச்சி வார்டில் ஒரு பழைய மரவீடு, எங்கள் சேமிப்புக்கு எட்டும் விலையில் வந்திருக்கிறது. நம்மவர்கள் யாருக்கும் அந்தப் பகுதி பழக்கமில்லை. துணிந்து வாங்கலாமா? சொந்த வீடு இருந்தால் நிரந்தர வசிப்புரிமை எளிதில் கிடைக்குமா?

– வாசகர், டோக்கியோ

பதில்: இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. ஜப்பானில் வெளிநாட்டவர் மனையும் வீடும் வாங்கத் தடையில்லை. ஆனால் வீடு வாங்குவதால் விசாவோ வசிப்புரிமையோ கிடைக்காது. மாறாக, நிரந்தர வசிப்புரிமை இல்லாதவருக்கு வீட்டுக்கடன் தரப் பல வங்கிகள் தயங்குகின்றன. கடைசித் தவணை வரை வட்டி மாறாத ‘பிளாட் 35’ என்ற வீட்டுக்கடனுக்கு அது கட்டாயம்.

பகுதி பெயர் பெறாதது என்பதற்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அடாச்சியில் 2005-இல் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயிலும், 2008-இல் நிப்போரி-தொனேரி லைனர் ரயிலும் ஓடத் தொடங்கியபின் போக்குவரத்து வெகுவாக மேம்பட்டிருக்கிறது. லைனரில் காலை நெரிசல் கடுமையாக இருக்கும் என்பதால், ஒரு வேலைநாளில் அலுவலக நேரத்தில் அதில் பயணம் செய்து பாருங்கள்.

என் கவலையெல்லாம் அந்த வீடு ஏன் மலிவாக வருகிறது என்பதில்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வது வீட்டுக்கு முன்னால் உள்ள தெருவை. குறைந்தது 4 மீட்டர் அகலமுள்ள சாலையை மனை 2 மீட்டராவது ஒட்டியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள கட்டடச் சட்டத்தின் பொது விதி. குறுகிய சந்துகள் நிறைந்த பழைய குடியிருப்புகளில் இந்த விதிக்குள் வராத மனைகள் உண்டு. அவற்றில் இருக்கும் வீட்டில் வசிக்கலாமே தவிர, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அனுமதி கிடைப்பது மிகக் கடினம். அத்தகைய மனைக்குக் கடனும் எளிதில் கிடைக்காது, பிற்பாடு விற்கப் போனால் வாங்குவோரும் அரிது; எனவே உங்கள் வீடு இந்த வகையைச் சேர்ந்ததென்றால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன்.

அடுத்து, கட்டிய ஆண்டைக் கேளுங்கள். நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான புதிய கட்டுமான விதிகள் 1981 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தன; மரவீடுகளுக்கான விதிகள் 2000-இல் மேலும் இறுக்கப்பட்டன. வரிக் கணக்கில் மரவீட்டின் ஆயுள் 22 ஆண்டுகளே என்பதால், பழைய வீட்டுக்கு நீங்கள் கொடுக்கும் விலை பெரும்பாலும் மண்ணுக்கான விலைதான்.

அந்த மண்ணோ அரகாவா ஆற்றின் வெள்ளச் சமவெளி. ஆறு கரை உடைத்தால் தரைத்தளமே மூழ்கக்கூடிய இடங்கள் அடாச்சியில் உண்டு என்பதை வார்டு அலுவலகத்தின் வெள்ள அபாய வரைபடம் காட்டுகிறது. இப்போது நீங்கள் வசிக்கும் எடோகாவா வார்டிலும் ஏறத்தாழ 70 சதவீத நிலம், ஓதம் உயரும் வேளையின் கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்ததுதான். மனை அந்த வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே தரகர் விளக்க வேண்டும் என்பது 2020 ஆகஸ்ட் முதல் கட்டாயம்.

மனை பற்றிய முக்கிய விவரங்களை உரிமம் பெற்றவர் எழுத்தில் தந்து விளக்கும் அந்தச் சந்திப்புக்கு, ஜப்பானிய மொழி நன்கறிந்த, தரகருடன் தொடர்பில்லாத ஒருவரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இடம்பெறாமல் கையெழுத்திடாதீர்கள். நீங்களாகப் பின்வாங்கினால் அந்தப் பணம் விற்பவருக்கே போய்விடும்.