விண்டோ: காற்றின் கண்

இந்த வாரம் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைத்தான் எடுத்துக்கொள்கிறோம்: விண்டோ. தினமும் திறந்து மூடுகிற சன்னல்தான். கேள்விகளைச் சேர்த்தே அனுப்பிவிட்டீர்கள், முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ‘விண்டோ’ எங்கிருந்து வந்தது? ‘விண்ட்’ என்ற காற்றுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? (ஒரு பள்ளி ஆசிரியை)

உண்டு. 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் வந்து குடியேறினார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் சன்னலுக்கு ‘விண்டௌகா’ என்று பெயர். ‘விண்ட்’ என்றால் காற்று, ‘ஔகா’ என்றால் கண். அதாவது காற்றுக்கண். இன்றைக்கும் டேனிஷ் மொழியில் ‘விண்டூ’ என்கிறார்கள். ஆங்கில எழுத்தில் இந்தச் சொல் 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தலைகாட்டுகிறது, அப்போது இறுதியில் ஒரு ‘க’ ஒலி இருந்தது. அது தேய்ந்து தேய்ந்து ‘ஓ’ ஆகிவிட்டது.

கண்ணாடி போட்ட சன்னலை இங்கே நினைக்காதீர்கள். அன்றைய வீட்டில் அது சுவரிலோ கூரையிலோ விட்ட ஒரு ஓட்டை. புகை வெளியே போகும், வெளிச்சம் உள்ளே வரும், குளிர்காற்றும் கூடவே வரும். அந்த ஓட்டைக்குக் காற்றுக்கண் என்பது எவ்வளவு பொருத்தம்!

அதற்கு முன் ஆங்கிலேயர்களுக்குச் சொந்தச் சொல் இல்லையா என்றால், இருந்தது: ‘கண் துளை’ என்று பொருள்படும் ஒரு கூட்டுச்சொல். அதில் துளையைக் குறித்த ‘திரில்’ என்ற பகுதி இன்னும் சாகவில்லை. மூக்குத் துவாரத்தைச் சொல்லும் ‘நாஸ்ட்ரில்’ என்பதில் ஒளிந்திருக்கிறது, மூக்குத் துளை. திகில் படம் பார்த்து ‘திரில்’ ஆகிறோமே, அதுவும் துளைப்பது என்ற அதே வேர்தான். சன்னலிலிருந்து துரத்தப்பட்ட சொல் மூக்கில் போய்க் குடியேறிவிட்டது.

கேள்வி: ஜன்னல் என்பதும் ஆங்கிலம்தானே? எங்கள் ஊரில் யன்னல் என்போம். (யாழ்ப்பாணம்)

ஆங்கிலம் இல்லை, போர்த்துக்கீசியம். ‘ஜனேலா’. சாவி, மேசை, அலமாரி எல்லாம் அந்தக் கப்பலில் வந்தவைதான். சிங்களத்திலும் மலையாளத்திலும் வங்காளத்திலும் இதே சொல் இறங்கியிருக்கிறது. ‘ஜனேலா’வுக்கு மூலம் லத்தீனில் கதவைக் குறிக்கும் ‘யானுவா’. சன்னல் என்றால் குட்டிக் கதவு. வாசல்களின் ரோமானியத் தெய்வம் யானஸ், அவர் பெயரில்தான் ஜனவரி மாதம். ஆக உங்கள் யன்னலும் ஜனவரியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மூலத்தில் ‘ய’ ஒலிதான் என்பதால் யாழ்ப்பாணத்தார் மார்தட்டிக்கொள்ளலாம், ஆனால் அது தற்செயல்.

கேள்வி: ‘விண்டு’ என்றால் பிளந்து. சுவரை விண்டு வைத்ததுதான் விண்டோ. தமிழிலிருந்து போனது என்று ஏன் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்?

யாரும் மறுக்கவில்லை ஐயா, சான்று கேட்கிறார்கள். ‘விள்’ என்ற வினையிலிருந்து விண்டு வருவது சரி. ஆனால் ‘விண்டோ’ என்பது இன்றைய உச்சரிப்பு. 800 ஆண்டுகளுக்கு முன்னால் அதன் வாலில் கண் என்ற தனிச்சொல் ஒட்டியிருந்ததே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? ஒவ்வொரு முறையும் சொல்வதுதான்: ஒரு சொல்லின் இன்றைய முகத்தைப் பார்த்து ஜாதகம் கணிக்காதீர்கள். பழைய வடிவத்தைத் தேடுங்கள்.

கேள்வி: விண்டோ, விடோ இரண்டும் உறவா?

இல்லை. ஆனால் கணவனை இழந்தவளைக் குறிக்கும் ‘விடோ’வும் நம் விதவையும் உறவு. விதவை சமஸ்கிருதம் வழியாகத் தமிழுக்கு வந்தது. ஒலி ஒத்திருப்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. சமஸ்கிருதத்தில் அழுத்தி ஒலிக்கும் ‘த’ வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் ‘ட’ வருவது வரிசையாகப் பல சொற்களில் நடக்கிறது: நடுவுக்கு அங்கே ‘மத்ய’, இங்கே ‘மிடில்’; கட்டுவதற்கு அங்கே ‘பந்த்’, இங்கே ‘பைண்ட்’. இப்படி ஒழுங்கு இருந்தால்தான் உறவு.

கேள்வி: சன்னலுக்கு வரி போட்டதால்தான் பகல் வெளிச்சத்தையே கொள்ளையடிப்பதாகச் சொல்லி ‘டேலைட் ராபரி’ (பகல் கொள்ளை) என்ற ஆங்கிலத் தொடர் வந்ததாமே?

வரி உண்மை. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை இருந்தது. வரிக்குப் பயந்து சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்த வீடுகள் இன்றும் அங்கே உண்டு. ஆனால் அந்தத் தொடர் வரி ஒழிந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் எழுத்தில் வருகிறது. கதை அழகு, அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் வீட்டு சன்னல் கட்டையில் கரையான். என்ன செய்யலாம்?

தச்சரைக் கூப்பிடுங்கள். சீக்கிரம்.

கேள்வி: விண்டு + ஓ = விண்டோ என்று பிரிக்கலாமே?

மேலே மூன்றாவது பதில்.

கேள்வி: சிலப்பதிகாரத்தில் சன்னலுக்குக் ‘காலதர்’ என்று இருக்கிறது. கால் என்றால் காற்று. நார்ஸ்காரர்கள் நம்மிடமிருந்து மொழிபெயர்த்தார்கள் என்று ஏன் சொல்லக் கூடாது?

ஆஹா, இது கேள்வி! இத்தனை நேரம் இதற்காகத்தான் காத்திருந்தேன். இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்து வீடுகளைச் சொல்லும்போது ‘மான்கண் காலதர் மாளிகை’ என்கிறார் இளங்கோ. கால் காற்று, அதர் வழி. காற்று வரும் வழி. அந்த வழியும் மானின் கண் மாதிரி வடிவம். காற்றும் வந்துவிட்டது, கண்ணும் வந்துவிட்டது! முதல் தடவை இதை நார்ஸ் சொல்லோடு சேர்த்துப் பார்த்தபோது நானே எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

கண் இன்னும் பல இடத்தில் இருக்கிறது. பலகணியில் பல கண்கள். சமஸ்கிருத ‘கவாக்ஷ’த்தில் மாட்டின் கண். காற்றும் அப்படியே: ஸ்பானியர்களின் ‘வென்டானா’ லத்தீன் காற்றிலிருந்து பிறந்தது. இத்தனை பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் பெயர் வைத்தார்களா? சுவரில் ஓட்டை போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தால் வருவது காற்று, தெரிவது வெளி. பெயரும் அங்கேதான் போகும். கடன் என்று சொல்ல வேண்டுமானால் புகாரிலிருந்து ஸ்காண்டிநேவியாவுக்கு அந்தச் சொல் எந்த வழியாக, யார் வாயில் போயிற்று என்று காட்ட வேண்டும். காட்டினால் முதல் ஆளாக நானே கைதட்டுவேன்.

கேள்வி: அப்படியானால் தமிழின் தொன்மையை நீங்கள் மறுக்கிறீர்கள்!

காலதரை ரசித்து இப்போதுதான் இரண்டு பத்தி எழுதினேன். மறுபடி படியுங்கள்.

கேள்வி: ஒருவரைச் சன்னல் வழியே தூக்கி எறிவதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல்லே உண்டாமே?

‘டிஃபெனெஸ்ட்ரேஷன்’. லத்தீனில் சன்னல் ‘ஃபெனெஸ்ட்ரா’. 1618இல் பிராக் நகரத்துக் கோட்டையில் அரசரின் ஆட்கள் இருவரையும் அவர்களுடைய செயலரையும் சன்னல் வழியே வீசினார்கள். மூவரும் பிழைத்தார்கள். ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் மூண்டது அதையொட்டித்தான்.

கேள்வி: ‘விண்’ என்றால் ஆகாயம். விண்ணைப் பார்க்க உதவுவது விண்டோ. இது சரிதானே?

இல்லை.

கேள்வி: குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறேன். சன்னலா, சாளரமா, காலதரா?

சன்னல் என்றே எழுதுங்கள். கதையில் அரண்மனை வந்தால் ஒரே ஒரு காலதர் வைத்துப் பாருங்கள். அது என்ன என்று குழந்தை கேட்டால் மானின் கண்ணை வரைந்து காட்டுங்கள்.