எக்ஸ்ரே நார்மல், ஆனால் காலை ஊன்ற முடியவில்லை: முட்டியில் எலும்பு முறிவு இருக்குமா?

58 வயது அப்பா வண்டியிலிருந்து விழுந்திருக்கிறார், முட்டி வீங்கியிருக்கிறது, நாலு அடிகூட நடக்க முடியவில்லை, எக்ஸ்ரே நார்மல், அடுத்து சி.டி.யா எம்.ஆர்.ஐ.யா என்பது உங்கள் கேள்வி. முறிவு இருக்கலாம். விலகாத கீறல், கதிர் போகும் திசைக்கு இணையாக அமைந்தால்தான் எக்ஸ்ரேயில் கோடாக விழும். முட்டியில் இப்படி ஒளிந்துகொள்வது பெரும்பாலும் டிபியா எலும்பின் (முட்டிக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு) மேல்தட்டில்.

செலவு செய்வதற்கு முன் பக்கவாட்டுப் படத்தை எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, சில நிமிடம் அசையாமல் விட்டு, கதிரைத் தரைக்கு இணையாகச் செலுத்தி எடுக்க வேண்டும். எலும்புக்குள் கீறல் விழுந்தால் மஜ்ஜைக் கொழுப்பு மூட்டுக்குள் கசிந்து, ரசத்தின் மேல் நெய் மாதிரி ரத்தத்தின் மேல் மிதக்கும். முட்டிச்சில்லுக்கு மேலே உள்ள பையில் அது மட்டமான ஒரு கோடாகத் தெரியும். கோடு இருந்தால், கீறல் கண்ணில் படாவிட்டாலும் மூட்டுக்குள் முறிவு என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒருக்களிக்க வைத்து மேலிருந்து கதிர் விட்டால் அந்த மட்டம் தெரியாது. பல இடங்களில் கோட்டை விடுவது இங்கேதான்.

டிபியாவின் வெளி ஓரத்தில் உமி போல மெல்லிய சில்லு பெயர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். செகோண்ட் (Segond) முறிவு என்பார்கள். பார்க்க அற்பமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் கூடவே முட்டிக்கு நடுவே உள்ள ஏ.சி.எல். ஜவ்வும் அறுந்திருக்கும்.

உங்கள் அப்பாவுக்கு என் ஓட்டு எம்.ஆர்.ஐ.க்கு. கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை. எம்.ஆர்.ஐ.யில் டி1 என்ற வகைப் படத்தில் கறுப்புக் கோடு, கொழுப்பை அடக்கிய படத்தில் (ஸ்டிர்) அதைச் சுற்றி வெள்ளைத் திட்டு: இரண்டும் சேர்ந்தால் முறிவு. கோடில்லாமல் வெள்ளைத் திட்டு மட்டும் என்றால் பொதுவாக எலும்பில் உள்காயம். ரிப்போர்ட்டில் 'மேரோ எடிமா' (மஜ்ஜையில் நீர்க்கோப்பு) என்று பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சி.டி. சில நொடிகளில் முடிந்துவிடும். மேல்தட்டு எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டுமா என்று கணக்குப் போட அதுதான் சரி. ஆனால் ஜவ்வை நம்பகமாகக் காட்டாது. எலும்பு அடர்த்தி குறைந்தவர்களிடம் (ஆஸ்டியோபோரோசிஸ்) மெல்லிய கீறலையும் தவறவிடலாம்.

முடிவு தெரியும்வரை அந்தக் காலில் எடை விழக்கூடாது. விழுந்தால் விலகாத முறிவு அமுங்கிவிடலாம். எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் கூடாது. கெண்டைக்கால் கல்லாக இறுகினாலோ, பாதம் மரத்தாலோ, சில்லிட்டாலோ ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.