வாசகர் கேள்வி – அறிவியல் பதில்: வைக்கோலைப் பிரிக்கும் நொதிக் கூட்டம்

கேள்வி: எங்கள் வீட்டில் கறவை மாடுகள் உள்ளன. கோடையில் அவற்றுக்குப் பெரும்பாலும் வைக்கோல்தான் தீனி. மாட்டின் வயிற்றிலுள்ள பாக்டீரியாக்களே வைக்கோலைச் செரிக்கின்றன என்றும், அவற்றின் நொதிகள் ஒன்றோடொன்று பிணைந்து கூட்டமாக இருந்தாலும் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன என்றும் கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். பிணைந்திருப்பது எதற்கு, அசைவது எதற்கு?
— வாசகர், மேலூர்

பதில்: தங்கள் மகள் சொன்னது சரி. வைக்கோலில் மற்றவற்றைவிட அதிகம் இருப்பது செல்லுலோஸ். அது சோற்றிலுள்ள மாவுச்சத்தைப் போலவே குளுக்கோஸ் அலகுகளால் ஆனதுதான். எனினும் அந்த அலகுகள் கோக்கப்பட்டிருக்கும் முறை வேறு என்பதால், செல்லுலோஸ் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கமாக அடுக்கப்பட்டுப் படிகம் போல் இறுகிவிடுகின்றன. அவற்றைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற வேறு தாவரப் பொருள்களும் பூசப்பட்டிருக்கின்றன. ஒரே வகை நொதியால் இத்தனையையும் பிரிக்க முடியாது. சங்கிலியின் நடுவில் வெட்டுவது, நுனியிலிருந்து நகர்ந்தபடியே இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கழற்றுவது, ஹெமிசெல்லுலோஸை அகற்றுவது எனப் பல வேலைகள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நடக்க வேண்டும்.

இதற்காகச் சில பாக்டீரியாக்கள் அமைத்துக்கொண்ட ஏற்பாடே செல்லுலோசோம் என்ற நொதிக் கூட்டம். 1983-இல் பேயர், லாமெட் ஆகிய இஸ்ரேலிய ஆய்வாளர்கள், ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் செழித்து வளரும் கிளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம் என்ற பாக்டீரியாவில் இதை இனங்கண்டனர். மாட்டின் அசைவயிற்றில் (முதல் இரைப்பையில்) வாழும் ரூமினோகாக்கஸ் ஃபிளேவிஃபேசியன்ஸிலும் இது உண்டு. அங்குள்ள எல்லா நார்ச்செரிப்புப் பாக்டீரியாக்களுக்கும் இந்த ஏற்பாடு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மதுரை மல்லியைக் கட்டிய சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு முடிச்சும் இறுக்கமாக இருக்கும், சரமோ எப்படியும் வளையும். செல்லுலோசோமில் நாரின் இடத்தில் ஸ்காஃபோல்டின் என்ற நீண்ட புரதம் இருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லத்தின் முதன்மை ஸ்காஃபோல்டினில் கோஹீசின் எனப்படும் 9 பிடிப்பிடங்களும், செல்லுலோஸில் ஒட்டிக்கொள்ளும் பகுதி ஒன்றும் உள்ளன. ஒவ்வொரு நொதியும் தன் டாக்கெரின் என்ற முனையால் ஒரு கோஹீசினைப் பற்றிக்கொள்கிறது. டாக்கெரின் தன் வடிவத்தைப் பெறுவதற்குக் கால்சியம் தேவை. கால்சியத்தை நீக்கிவிட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

இந்தப் பிடியின் வலிமை வியப்புக்குரியது. ரூமினோகாக்கஸின் கோஹீசின்–டாக்கெரின் இணை ஒன்றை அணுவிசை நுண்ணோக்கியால் இழுத்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வெளியானது. அந்த இணையைப் பிரிக்க 600 முதல் 750 பிக்கோநியூட்டன் (ஒரு பிக்கோநியூட்டன் என்பது ஒரு நியூட்டன் விசையில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) வரை விசை தேவைப்பட்டது. அதாவது, எந்த வேதிப்பிணைப்பும் இல்லாமல் வெறுமனே ஒட்டியிருக்கும் இரு புரதங்கள், ஒரு வேதிப்பிணைப்பின் உறுதியில் ஏறத்தாழப் பாதியைக் காட்டின. கணினியில் அணு அணுவாக அந்த இழுப்பை நிகழ்த்திப் பார்த்தபோது காரணமும் புலப்பட்டது: இழுவிசை கூடக்கூட இரு புரதங்களும் சற்றே வடிவம் மாறி, ஒன்றையொன்று தொடும் பரப்பை அதிகரித்துக்கொள்கின்றன. உணவு புரண்டுகொண்டே இருக்கும் அசைவயிற்றில் நாரை விடாமல் பற்றியிருக்க வேண்டிய பாக்டீரியாவுக்கு இத்தகைய பிடி எவ்வளவு பொருத்தமானது என்பதைத் தாங்களே உணரலாம்.

இனி அசைவுக்கு வருவோம். பாடநூல் படங்களில் செல்லுலோசோம் அசையாத கட்டடம் போலத் தெரிவதால் பலரும் அதை அப்படியே நம்பிவிடுகின்றனர். உண்மையில் கோஹீசின்களுக்கு இடையிலுள்ள இணைப்பு இழைகள் நெகிழ்வானவை. கரைசலில் அந்தக் கூட்டம் நீண்டும் சுருங்கியும் பல வடிவங்களை எடுக்கிறது. வைக்கோலின் மேற்பரப்பு எங்கும் ஒரே சீராக இல்லை. வெட்ட வெட்ட அது மாறிக்கொண்டும் இருக்கிறது. விறைப்பான கூட்டமாக இருந்தால் ஒரு நொதி சரியான இடத்தில் அமரும்போது பக்கத்து நொதி எட்டாமல் நிற்கும். அது மட்டுமன்று, பல டாக்கெரின்களில் ஏறத்தாழ ஒரே மாதிரியான இரு பிடிமுகங்கள் இருப்பதால், அவை கோஹீசினை ஒன்றுக்கொன்று 180 டிகிரி திரும்பிய இரு நிலைகளில் பற்ற முடியும். நெருக்கத்தில் நொதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் திசைமாறி அமர இது உதவுகிறது என்று கருதப்படுகிறது.

கேள்வி: கரும்புச் சக்கையிலிருந்து எத்தனால் தயாரிக்க இந்த நொதிக் கூட்டத்தைப் பயன்படுத்த முடியுமா?
— வாசகர், அலங்காநல்லூர்

பதில்: கொள்கையளவில் முடியும். ஆனால் ஆலைகளில் இன்று பெரிதும் பயன்படுவன பூஞ்சைகளிலிருந்து பெறும் தனித்தனி நொதிகளே. சிறிய தனி நொதி நுழையும் நுண்துளைக்குள் பெரிய கூட்டத்தால் நுழைய முடியாது. மேலும், எந்த நொதியானாலும், நீராவியாலோ அமிலத்தாலோ சக்கையை முதலில் தளர்த்தியாக வேண்டும். வெவ்வேறு பாக்டீரியாக்களின் கோஹீசின்களை ஒரே ஸ்காஃபோல்டினில் வரிசையாகக் கோத்து, விரும்பிய நொதியை விரும்பிய இடத்தில் அமர்த்தும் முயற்சிகள் ஆய்வகங்களில் நடந்துவருகின்றன. எந்த நொதியைச் சேர்ப்பது என்பதோடு, இணைப்பு இழை எவ்வளவு நீளமாக, எவ்வளவு நெகிழ்வாக இருக்க வேண்டும் என்பதையும் அங்கே மாற்றி மாற்றிச் சோதிக்கிறார்கள்.