பிக்கர் தாமஸின் அச்சம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்ததால் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ நாவலை வாசித்தேன். பல இடங்களில் மூடி வைத்துவிட்டேன். இரண்டு பெண்கள் கொல்லப்படுகிறார்கள். ஒருத்தியின் உடல் உலையில் எரிகிறது, இன்னொருத்தியின் தலை செங்கல்லால் நசுக்கப்படுகிறது. கொன்றவனான நாயகன் பிக்கர் தாமஸ் மீது எனக்குத் துளியும் இரக்கம் வரவில்லை. கறுப்பின இளைஞன் என்றாலே ஆபத்தானவன் என்று நம்பும் வெள்ளையர்களுக்கு இந்த நாவலே சாட்சி சொல்வதுபோல் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களின் துயரத்தை எழுத இப்படி ஒருவன்தானா கிடைத்தான்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு இரக்கம் வரக்கூடாது என்றுதான் ரைட் எழுதினார். 1938இல் அவருடைய முதல் நூலான ‘அங்கிள் டாம்ஸ் சில்ட்ரன்’ வெளிவந்தது. வங்கி முதலாளிகளின் மகள்கள்கூட அதைப் படித்து அழுது நிம்மதியடைந்துவிட முடியும் என்பது அவரை உறுத்தியது. அடுத்த புத்தகத்தில் அழுது ஆறும் வாய்ப்பையே தருவதில்லை என்று உறுதி எடுத்தார். 1940இல் வந்த ‘நேட்டிவ் சன்’ அந்த உறுதியின் விளைவு. நீங்கள் புத்தகத்தை மூடி வைத்த இடங்களில் அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

நாவலின் முதல் பாகத்துக்கு அச்சம் என்றே பெயர். மேரியின் அறையில் நடப்பதை இன்னொரு முறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். குடித்துத் தள்ளாடும் முதலாளி மகளை, அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த ஓட்டுநரான பிக்கர் மாடிக்குத் தூக்கிச் செல்கிறான். ரைட் அவனை உத்தமனாகக் காட்டவில்லை. நினைவு தப்பிக்கொண்டிருப்பவளை அவன் முத்தமிடவும் செய்கிறான். அப்போது கதவருகே வெள்ளையாக ஓர் உருவம் தெரிகிறது. மேரியின் பார்வையற்ற தாய், திருமதி டால்டன். மேரி முனகினால் அந்த அம்மாள் அருகில் வந்துவிடுவார். மேரியின் முகத்தில் தலையணையை வைத்து அழுத்துகிறான். தாய் சாராய வாடையை உணர்ந்து, படுக்கையருகே மண்டியிட்டு ஜெபித்துவிட்டுப் போகிறார். அதற்குள் மகள் இறந்துவிட்டாள். பிக்கர் கொல்ல நினைக்கவில்லை, அந்த அறையில் அகப்பட்டுவிடக் கூடாது என்று மட்டுமே நினைத்தான். வெள்ளைப் பெண்ணின் படுக்கையறையில் நிற்கும் கறுப்பின ஆணிடம் அந்த அமெரிக்காவில் யாரும் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள்.

இது எழுத்தாளர் தன் வசதிக்காகக் கற்பனை செய்துகொண்ட அச்சம் அல்ல. ரைட் சிறுவனாக இருந்தபோது, ஆர்கன்ஸா மாநிலத்தின் இலைன் ஊரில் அவருடைய சித்தியின் கணவர் வெள்ளையர்களால் கொல்லப்பட்டார். மதுக்கடை வைத்து நன்றாகச் சம்பாதித்ததுதான் காரணம். குடும்பம் அப்போதே ஊரைவிட்டு ஓடியது. இறுதிச் சடங்கு இல்லை, துக்கம் காக்கவும் நேரமில்லை. ‘பிளாக் பாய்’ தன்வரலாற்றில் ரைட் இதைச் சில வரிகளில்தான் எழுதியிருக்கிறார்.

நாவல் நடக்கும் சிகாகோவில் அதே அச்சம் வாடகை ரசீதாக மாறுகிறது. எலி ஓடும் ஒற்றை அறையில் பிக்கரின் குடும்பம், நான்கு பேர். வாரத்துக்கு 8 டாலர். ஊரின் மற்ற பகுதிகளில் கறுப்பினத்தவருக்கு வீடு கிடைக்காது. வெள்ளையரல்லாதவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று சொத்துப் பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இல்தான். இப்படி அடைத்து வைத்த இடத்தில் வாடகையை ஏற்றிச் சம்பாதிப்பவர்தான் மேரியின் தந்தை டால்டன். அவரே கறுப்பினக் கல்விக்கு வள்ளல். சிகாகோவின் தென்பகுதிச் சிறுவர் மன்றத்துக்கு ஒரு டஜன் பிங்பாங் மேசைகள் அனுப்புகிறவர். இந்த மேசைகளை எனக்கு மறக்க முடிந்ததில்லை. டால்டன் கெட்டவர் இல்லை, தன் தர்மத்தை மனதார நம்புகிறார். அதனால்தான் அவர்மேல் எனக்கு இத்தனை கோபம் வருகிறது.

வெள்ளையருக்கு இது சாட்சி ஆகிவிடாதா என்கிறீர்கள். அந்தச் சாட்சியம் அதற்கு முன்பே நாளிதழ்களில் அச்சாகிக்கொண்டுதான் இருந்தது. 1938இல் சிகாகோவில் ராபர்ட் நிக்சன் என்ற கறுப்பின இளைஞன் கொலை வழக்கில் கைதானபோது அவனைக் குரங்கோடு ஒப்பிட்டு எழுதினார்கள். ரைட் அந்தச் செய்திகளைச் சேகரித்து, நாவலின் பத்திரிகைப் பகுதிகளுக்குப் பயன்படுத்திக்கொண்டார். ஒருவன் மனிதனா என்ற கேள்விக்கு ஊரே பதில் எழுதி முடித்த பிறகுதான் அவன் நீதிமன்றத்துக்குள் நுழைகிறான்.

உங்கள் ஆட்சேபம் சாதாரணமானது அல்ல. கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1949இல் இதையே வேறு விதமாக எழுப்பினார். தன்னை மனிதனுக்குக் கீழானவனாக்கிய நம்பிக்கையைப் பிக்கரே ஏற்றுக்கொண்டுவிட்டான், அதுதான் அவனுடைய துயரம் என்றார். நாவலில் கறுப்பினத்தவரிடையே உள்ள உறவும் பாசமும் போதுமான அளவு இல்லை என்பதில் பால்ட்வின் பக்கம்தான் நான். ஆனால் பெஸ்ஸி வரும் பக்கங்களில் அந்த விமர்சனம் முழுதாகப் பொருந்துவதில்லை.

பெஸ்ஸி பிக்கரின் காதலி, வீட்டு வேலை செய்து பிழைப்பவள். கொலையைப் பற்றி அறிந்த பிறகு அவள் தன் வாழ்க்கையைச் சொல்லி அழுகிறாள்: உழைப்பு, களைப்பு, களைப்பை மறக்கக் குடி. நீதிமன்றத்தில் பிக்கரின் வக்கீல் மேக்ஸ் செய்யும் நெடிய வாதத்தைவிட அந்த அழுகை எனக்குப் பெரியது. அந்த வாதம் நாவலின் பலவீனமான பகுதி. அதுவரை கண்ணால் கண்டதை அவர் நமக்குப் பாடமாக நடத்துகிறார். பெஸ்ஸியின் கொலை பதற்றத்தில் நடப்பதும் அல்ல. பிக்கர் யோசித்து, அவள் தூங்கும்போது செய்கிறான். ரைட் அதை எந்த நியாயத்தாலும் மூடவில்லை.

விசாரணையில் பெஸ்ஸியின் சடலத்தைச் சக்கரக் கட்டிலில் தள்ளிவருகிறார்கள். மேரிக்காகப் பிக்கரைத் தண்டிக்க அவளுடைய சடலம் ஒரு சான்றுப்பொருள், அவ்வளவுதான். கொன்றவனான பிக்கருக்கே அப்போது உறைக்கிறது: தன் உடல் இப்படிப் பயன்படுவதைப் பெஸ்ஸி விரும்பியிருக்க மாட்டாள். அவளுக்காக அந்த மண்டபத்தில் நினைத்துப் பார்ப்பவன் அவன் ஒருவன்தான். நாவலில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இது. இந்த இடத்திலும் உங்களுக்கு அவன்மேல் இரக்கம் வராமல் போகலாம். எனக்கும் முழுதாக வரவில்லை.

இரண்டு கொலைகளிலும் பெண்களே மாண்டார்கள் என்ற உங்கள் கோபத்துக்கு ரைட்டிடம் போதிய பதில் இல்லை. கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஆன் பெட்ரியிடம் இருக்கிறது. அவருடைய நாவல் ‘தி ஸ்ட்ரீட்’ 1946இல் வந்தது. நியூயார்க்கின் ஹார்லெமில், 116ஆம் தெருவில், மகனோடு தனியாக வாழும் லூட்டி ஜான்சனின் கதை. அங்கும் இருட்டான அறைகள், அங்கும் வாடகை. அதோடு கட்டடக் காவலாளியின் பார்வையும் சேர்ந்துகொள்கிறது. பெஸ்ஸி சொல்ல நேரமில்லாமல் போனதையெல்லாம் லூட்டி நமக்குச் சொல்கிறாள். அதையும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்