பழைய வீட்டின் அழகு கெடாமல் முதுமைக்கு ஏற்றபடி புதுப்பிப்பது எப்படி?

ஓய்வு பெற்றுவிட்டோம், பெரிய வீட்டை விட்டுச் சின்னதொரு பழைய வீட்டுக்குப் போகிறோம், எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பெற்றோர் இப்படி வீடு மாறியபோது வேலையைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். பழமையும் வசதியும் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மோதிக்கொள்வதில்லை. மோதுகிற இடங்கள் சிலவே.

வீட்டின் அழகு அதிகம் பறிபோவது சுவரில்தான். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும்; சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது காய்ந்தும் போகும். அதன்மேல் சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லை. ஓதம் இன்னும் மேலே ஏறும், உப்புப் பூக்கும், பூச்சு உதிரும். 'பழைய வீடுன்னா அப்படித்தான்' என்பார்கள், நம்பாதீர்கள். முதலில் கூரை ஒழுக்கையும் மழைநீர் வடியும் வழியையும் சரிசெய்துவிட்டு, பெயர்ந்த இடங்களில் மட்டும் சுண்ணாம்பாலேயே பூசச் சொல்லுங்கள். கதவு, ஜன்னலில் இருக்கும் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். அந்தத் தூசி பேரப்பிள்ளைகளுக்கு ஆகாது.

வயரிங், தண்ணீர்க் குழாய் இரண்டிலும் பழமைப் பாசமே வேண்டாம். ரப்பர் உறை போட்ட பழைய வயர் தொட்டாலே நொறுங்கும், ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உள்ளே துருவேறி அடைத்திருக்கும். மாற்றும்போதே எர்த்தும், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டுவிடுங்கள். பிளக் பாயின்ட் குனியாமல் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். வெளிச்சத்தில் கஞ்சத்தனம் கூடாது: 20 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகிற ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணுக்குப் போகிறது. படுக்கையிலிருந்து கழிப்பறை வரைக்கும் இரவு விளக்கு அவசியம்.

படுக்கையறையும் குளியலறையும் தரைத்தளத்திலேயே இருக்கட்டும். குளியலறையைத் தயங்காமல் புதிதாகவே கட்டுங்கள். அங்கே பழமை யாருக்கும் உதவாது. வழுக்காத தரை, படியில்லாத ஷவர், வெளிப்பக்கம் திறக்கும் கதவு. உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. விழாமல் பிடித்துக்கொள்ளச் சுவரில் வைக்கும் கைப்பிடி விஷயத்தில் பழைய சுவர் கொஞ்சம் ஏமாற்றும்: சுண்ணாம்பு இணைப்பில் போட்ட ஸ்க்ரூ ஆள் எடையைத் தாங்காமல் பிடுங்கிக்கொண்டு வரும். உறுதியான செங்கல்லில் துளையிட்டு, கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை நிரப்பி இறுக்கும் போல்ட்) வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக நினைக்கவே கூடாது.

கதவுக்காக நல்ல மரநிலையை உடைக்க வேண்டாம். சக்கர நாற்காலிக்குச் சுமார் 80 செ.மீ. திறப்பு வேண்டும். இரண்டு மூன்று செ.மீ. குறைந்தால், கதவு முழுதாக விலகித் திறக்கிற மாதிரி கீலை மட்டும் மாற்றினாலே கதவின் தடிமன் அளவுக்கு இடம் கிடைக்கும். நிலைப்படியை அறுக்காமல் இரு பக்கமும் கழற்றக்கூடிய மரச்சரிவு வைக்கலாம். 1:12 சரிவு என்றால் 5 செ.மீ. உயரத்துக்கு 60 செ.மீ. நீளம் பிடிக்கும். மாடிப்படி செங்குத்தாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மறுபக்கமும் ஒரு கைப்பிடி வைத்து, படி விளிம்புகளுக்கு வேறு நிறம் அடித்தால் போதும்.

அறைகளைப் பற்றி யோசிக்கும் முன் எந்தக் கட்டில், எந்த அலமாரி கூட வருகிறது என்று முடிவெடுங்கள். எங்கள் வீட்டில் அதிகச் சண்டை அதற்குத்தான். அளவெடுக்கும்போது சுவரை அடியில், நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் அளந்து, இருப்பதிலேயே குறைந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சுவர் நேராக நிற்காது.